முதலாவது விஞ்ஞான பாடம்: ஒரு முட்டையும் நூறு நெல்மணிகளும்

"கணக்கையும் தமிழையும் எப்படியோ சொல்லிக் கொடுத்து விடுகிறோம். விஞ்ஞானத்தை என்ன செய்வது?" இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களும் யுவதிகளும் எம்மைக் காணும் வேளைகளில் முதலிற் கேட்பது இதுதான். ஆய்வுகூடம் இல்லை, சோதனைக்குழாய் இல்லை, பாடநூல்கூட மூன்று பேருக்கு ஒன்று என்ற நிலை. பெற்றோரோ, "நாங்கள் தோட்டம் செய்யிற ஆக்கள், உதெல்லாம் எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கி விடுகின்றனர்.

ஆரம்ப வகுப்புகளில் பிள்ளை சுற்றாடலைப் பற்றிச் சிறிது படிக்கிறது. ஆறாம் தரத்திற்கு வந்த பின்னரே விஞ்ஞானம் என்ற பெயருடன் ஒரு பாடம் அதன் முன் வந்து நிற்கிறது. அந்த முதல் நாளில் விஞ்ஞானம் மனனஞ் செய்யும் விடயமாகத் தெரிந்துவிட்டால் பிள்ளை அதனை அப்படியே வைத்துக்கொள்ளும். கேட்டுப் பார்க்கவும் செய்து பார்க்கவும் கூடிய ஒன்றாகத் தெரிந்தால் அதனையும் விடாது. ஆகவே முதற் பாடத்தைத் திட்டமிடுவதில் செலவிடும் நேரம் வீண் போவதில்லை. இதனை நாம் கற்றுக்கொண்டது ஒரு தவறின் பின்னரே. அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறோம். பிள்ளைகளின் பெற்றோரும் இதனை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். இப்பாடத்திற் பாதிக்கு மேல் அவர்களுடையது.

அது 1996 ஆம் ஆண்டு. முந்திய ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல வன்னிக்கு வந்து கிளிநொச்சிப் பக்கம் கொட்டில் போட்டுக் குடியிருந்தன. யூலையில் அங்கும் போர் வந்தது. அங்கிருந்து மறுபடியும் மூட்டை கட்டி, மல்லாவிப் பக்கத்துக் கிராமங்களில் மரங்களின் கீழ் வந்து தங்கினோம். பாடசாலைகள் காலையும் மாலையும் இரு நேரமாக நடந்தன. ஒரு வருடம், இரண்டு வருடம் படிப்பை இழந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கென ஓலைக் கொட்டகை ஒன்றில் நாம் மாலை வகுப்புத் தொடங்கினோம்.

முதல் நாள் 31 பிள்ளைகள் வந்தனர். கரி பூசிய பலகையில் "விஞ்ஞானம் என்றால் என்ன?" என்று எழுதி, கீழே ஒரு நீண்ட வரைவிலக்கணத்தையும் எழுதினோம். முறைப்படுத்தப்பட்ட அறிவு, அவதானம், கருதுகோள் என்று எல்லாச் சொற்களும் அதில் இருந்தன. பிள்ளைகள் பார்த்து எழுதினர். எழுதாமல் இருந்தவன் ஒருவனே. பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு பதினான்கு வயதில் அவன் அமர்ந்திருந்தான். அடுத்த கிழமை வந்த பிள்ளைகள் 17. அவன் வரவில்லை.

அவனது கொட்டிலுக்குப் போனோம். தாயார் சொன்னார்: "அவன் வரமாட்டன் எண்டு நிக்கிறான், சேர். சின்னனுகளோடை இருந்து எழுதக் கூச்சப்படுறான். விதைநெல்லை எலி தின்னாமல் காவல் இருக்கிறன் எண்டு சாட்டுச் சொல்லுறான்."

கொட்டிலின் மூலையில், வெறும் நிலத்தில், இரண்டு சாக்குகளில் அந்த நெல் இருந்தது. காலபோகத்தில் விளைந்து மாசியில் அறுத்தது. மொத்தம் இரண்டு புசல். தட்டுமுட்டுச் சாமான்கள் பலவற்றைக் கைவிட்டு வந்த அக்குடும்பம் இதனை மட்டும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. வரும் மழைக்கு ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பேசியிருந்தனர். தறப்பாளின் புழுக்கத்தில் இரண்டு மாதம் கிடந்த நெல் அது. இடையில் ஒரு மழையிலும் நனைந்து பின்னர் வெயிலிற் காய்ந்திருந்தது.

"இது முளைக்குமோ?" என்று பொடியனைக் கேட்டோம்.

"ஐயா முளைக்கும் எண்டு சொல்லுறார்" என்றான். சிறிது பொறுத்து, "எனக்குத் தெரியாது" என்றான்.

எமது முதற் பாடம் அங்கேதான் கிடைத்தது.

எதனைக் கொண்டு தொடங்குவது?

நல்ல முதற் பாடத்துக்கு விடை தெரியாத கேள்வி ஒன்று வேண்டும். அந்த விடை வீட்டுக்குப் பயன்பட வேண்டும். பிள்ளையின் கையால் அதனைக் கண்டுபிடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பாடநூல்களில் வரும் எளிய பரிசோதனைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். மின்குமிழும் பற்றறியும் கொண்டு செய்வது சுலபமானது; ஆனால் அக்காலத்தில் வன்னிக்குப் பற்றறி வரத் தடை இருந்தது. மண்ணெண்ணெயும் யூரியாவும் அவ்வாறே. மெழுகுதிரியை எரித்துப் பார்க்கும் பாடமும் அழகானது. இலண்டனில் மைக்கேல் ஃபரடே 1860 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையிற் சிறுவர்களுக்கு அந்த ஒரு மெழுகுதிரியைக் கொண்டே ஆறு விரிவுரைகளை நிகழ்த்தத் தொடங்கினார். ஆயினும் இரவு வெளிச்சத்துக்கே மெழுகுதிரி இல்லாத இடத்தில் அதனைப் பகலில் எரித்துக் காட்ட எமக்கு மனம் வரவில்லை.

எம்மைப் போன்ற நிலையில் இருந்தோருக்கென ஒரு நூல் முன்னரே எழுதப்பட்டதை இங்கு குறிப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோன நாடுகளில், கூரையிழந்த பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டியிருந்த ஆசிரியர்களுக்காக 1948 இல் யுனெஸ்கோ நிறுவனம் ஒரு சிறு கைந்நூலை வெளியிட்டது. ஸ்ரீவன்சன் என்ற ஆங்கிலேய ஆசிரியர் அதனை எழுதினார். தகரப்பேணி, போத்தல், கம்பி, நூல் ஆகியவற்றால் உபகரணங்களைச் செய்துகொள்ளும் வழிகளை அது கூறியது. அதுவே விரிவாக்கப்பட்டு 1956 இல் விஞ்ஞானம் கற்பிப்போருக்கான பெரிய மூலநூலாக வந்தது. போர் முடியாத இடத்திலும் அந்த வழி செல்லும் என்று கண்டோம்.

இரண்டு செயல்களை ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிட்டோம். ஒன்று அன்றைக்கே, கண் முன்னே முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை வெறுங்கையுடன் வீடு போகும். மற்றது அன்று முடியாமல் நாட்கணக்கில் நீள வேண்டும். அதனைப் பார்க்கவாவது பிள்ளை மறுபடி வரும். முதலாவதற்கு முட்டை. இரண்டாவதற்கு விதைநெல்.

விதைநெல்லிற் பதரைக் கழிக்க உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்க விட்டுப் பார்ப்பதை எமது மூத்தோரிற் பலர் அறிவர். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, முட்டையின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரியும்போது நிறுத்துவர். அந்த நீரில் நெல்லைக் கொட்டினால் சப்பியும் அரைவயிறும் மேலே வரும், நிறைமணி கீழே போகும். மேலே வந்ததை அள்ளி எறிந்துவிட்டு, கீழே தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுவர். உப்பு நெல்லிற் தங்கினால் முளை கெடும். இப்பழக்கத்தில் ஒரு முழு விஞ்ஞான பாடம் அடங்கியிருக்கிறது. வரம்பில் நின்று செய்வதைப் பாடசாலையில் யாரும் விஞ்ஞானம் என்று சொல்வதில்லை, அவ்வளவே.

முதல் நாள் இரவு

திட்டமிடுதல் என்றால் கொப்பியில் எழுதி வைப்பது என்றே நாம் எண்ணியிருந்தோம். செய்து பார்க்காத திட்டம் திட்டமே அல்ல என்பதை அன்றிரவு கண்டோம். ஒரு ஜாம் போத்தலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து முட்டையை விட்டோம். அது தாழ வேண்டும். தாழவில்லை. உப்பே போடாத தண்ணீரில் ஒய்யாரமாக மிதந்தது.

விடயம் பின்னர் விளங்கியது. முட்டை நாட்பட்டது. நாளாக ஆக ஓட்டின் நுண்ணிய துளைகளூடாக உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போக, காற்று உட்சென்று காற்றறை பெரிதாகிறது. முட்டையின் பருமன் மாறாமல் நிறை குறைகிறது. ஆகவே பழைய முட்டை வெறுந்தண்ணீரிலும் மிதக்கும். பிள்ளைகளுக்கு முன்னால் இது நடந்திருந்தால் எமது பாடு என்னவாகியிருக்கும்! மறுநாட் காலை, அன்று இட்ட முட்டை ஒன்றைப் பக்கத்துக் கொட்டில் மாமியிடம், திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்து வாங்கினோம். பழைய முட்டையையும் எறியவில்லை. அதனை வேறொரு நாளைக்கென வைத்துக்கொண்டோம்.

உப்பின் அளவையும் அன்றிரவே அறிந்தோம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு எட்டு முதல் பத்து மேசைக்கரண்டி வரை வேண்டியிருந்தது. ஒரு சிட்டிகை போட்டால் முட்டை எழும்பிவிடும் என்று எண்ணிச் சென்றால் வகுப்பில் அசடு வழிய நேரும்.

தராசு ஒன்றும் செய்தோம். ஒரு நேரான தடியின் நடுவிற் கயிறு, இரு முனையிலும் சம தூரத்தில் இரு சிரட்டைகள். வெறுஞ்சிரட்டைகள் சமமாக நிற்கும்வரை ஒரு பக்கத்தில் களிமண்ணை அப்பிச் சரிசெய்ய வேண்டும். இதனை மறந்தால் அதன்பின் நிறுப்பதெல்லாம் பொய்.

நாற்பது நிமிடம்

பாடசாலையின் ஒரு பாடவேளை அளவையே எடுத்துக்கொண்டோம். வரைவிலக்கணம் எதுவும் சொல்லவில்லை. முட்டையை உயர்த்திக் காட்டி, "இதனைத் தண்ணீரில் விட்டால் மிதக்குமா, தாழுமா?" என்று கேட்டோம். விடையைச் சொல்ல விடாமல், கொப்பியை இரண்டாகக் கோடிட்டு, இடப்புறம் "நான் நினைப்பது" என்றும் வலப்புறம் "நான் கண்டது" என்றும் எழுதச் சொன்னோம். இடப்புறத்தை எழுதி முடிக்கும்வரை முட்டை எமது கையிலேயே இருந்தது. முன்னரே எழுதி வைக்காத பிள்ளை, நடந்த பின்னர் "நான் அப்பவே நினைச்சனான்" என்று சொல்லிவிடும். பெரியவர்களும் அப்படித்தான்.

முட்டை தாழ்ந்தது. பின்னர் பிள்ளைகளே ஒவ்வொரு கரண்டியாக உப்பிட்டுக் கலக்கினர். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒருவர் எண்ணினார். நான்காவது கரண்டியில் ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குச் சலிப்பு வந்தது. ஏழாவதில் முட்டை எழும்பி நிமிர்ந்து நின்றது. எட்டாவதில் மேலே வந்தது. அப்போது எழுந்த கூச்சலில் அடுத்த வளவுக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார்.

ஏன் மிதந்தது என்று கேட்டதும் "உப்பு முட்டையைத் தள்ளுது" என்றது ஒரு பிள்ளை. "தண்ணி தடிச்சுப் போச்சு" என்றது மற்றொன்று. சரி, பிழை நாம் சொல்லவில்லை. ஒரே அளவான இரு ஜாம் போத்தல்களில், ஒன்றில் கிணற்றுத் தண்ணீரையும் மற்றதில் உப்புத் தண்ணீரையும் விளிம்புவரை நிரப்பிச் சிரட்டைத் தராசில் வைத்தோம். உப்புத் தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்தது. ஒரே இடத்தை அடைக்கும் தண்ணீர். ஆனால் ஒன்று பாரம் கூடியது. தன்னளவு இடத்தை அடைக்கும் தண்ணீரிலும் பாரம் குறைந்த பொருள் அத்தண்ணீரில் மிதக்கும். அடர்த்தி என்ற சொல்லை இதன் பிறகே பலகையில் எழுதினோம். சொல் முதலில் வந்தால் பிள்ளை அதனைப் பாடமாக்கும். பொருள் முதலில் வந்தால் அதற்குப் பெயர் என்னவென்று பிள்ளையே கேட்கும்.

அப்போது அந்தப் பொடியன் எழுந்தான். தாயார் எப்படியோ அனுப்பி வைத்திருந்தார். "இந்தத் தண்ணிக்குள்ளை நெல்லைப் போட்டால் சப்பி மேலை வரும்" என்றான். சின்னப் பிள்ளைகள் திரும்பி அவனைப் பார்த்தனர். போட்டுக் காட்டச் சொன்னோம். மிதந்த ஒரு மணியை நகத்தாற் பிளந்து உள்ளே வெறுமையாக இருப்பதைக் காட்டினான். அன்று மீதிப் பாடத்தின் ஆசிரியர் அவனே என்று சொன்னால் மிகையாகாது.

கடைசிப் பத்து நிமிடத்தில் நூறு நெல் எண்ணும் வேலை. இரண்டு நெற்கள் வந்திருந்தன. ஒன்று அவனது வீட்டு நெல். மற்றது அந்தக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வவுனிக்குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்து அந்த மாதமே அறுத்த நெல். சாக்கின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கைவிட்டு அள்ளிக் கலந்து, அதிலிருந்து பொறுக்காமல் எண்ண வேண்டும் என்றோம். "நல்லதாப் பாத்து எடுத்தால் என்ன?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "வயலுக்குள் விதைக்கும்போது நல்லதைப் பார்த்தா எறிவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டோம். விளங்கிக்கொண்டது.

நனைத்த சாக்குத் துண்டில் பத்துப் பத்தாகப் பத்து வரிசை. மேலே இன்னொரு நனைந்த துண்டு. பாய் சுற்றுவது போலச் சுற்றி, அடையாளத்துக்கு மட்டைத் துண்டொன்றைக் கட்டி, ஒவ்வொரு நாளும் தண்ணீர் தெளித்து, ஏழாம் நாள் எண்ணுவதென்று முடிவு. துணி ஈரமாக இருக்க வேண்டும். பிழிந்தால் ஒழுகுமளவுக்கு நீர் நிற்கக் கூடாது. நூறு என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. எத்தனை முளைத்ததோ அதுவே வீதம். அவ்வகுப்பிற் பலர் நூற்றுவீதக் கணக்கை அதுவரை படித்திருக்கவில்லை.

கொட்டகையை விட்டுப் புறப்படும்போது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "சேர், ஏழு நாளைக்கு நாங்கள் இஞ்சை இருப்பமோ?"

எமது திட்டத்தில் இதற்கு விடை எழுதப்பட்டிருக்கவில்லை. "நீர் இல்லாவிட்டால் இருப்பவர்கள் எண்ணட்டும். எண்ணிக்கை ஒரு பொதுக் கொப்பியில் இருக்கட்டும்" என்றோம். அப்படித்தான் பொதுக் கொப்பி என்ற ஒன்று தொடங்கியது.

58 உம் 41 உம்

இரண்டாம் நாளே கோழி ஒன்று ஒரு சுருளைக் கொத்திப் போட்டுவிட்டது. மறுபடி எண்ணி வைத்து, இம்முறை வளையிற் கயிறு கட்டித் தொங்கவிட்டோம்.

ஏழாம் நாள் பிரித்தோம். பொடியனின் நெல் 58. அவன் மூன்று தரம் எண்ணினான். பெரியவரின் புதுநெல் அதைவிடக் குறைவு, 41. பிள்ளைகள், "இரண்டும் செத்த நெல்லு" என்று எழுதினர்.

இவ்விடத்தில் ஆசிரியர் அவசரப்படக் கூடாது. "நான் கண்டது" என்ற பக்கத்தில் எழுதக்கூடியது "41 முளைத்தது, 59 முளைக்கவில்லை" என்பது மட்டுமே. செத்தது என்பது அனுமானம். கண்டதற்கும் எண்ணியதற்கும் நடுவிலுள்ள இந்த வரம்பைக் காட்டுவதே முதற் பாடத்தின் முக்கிய வேலை என்று நாம் கருதுகிறோம். முளைக்காத மணிகளை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னோம். பின்வரிசைச் சிறுமியே முதலிற் கண்டாள். பொடியனின் நெல்லில் முளைக்காதவை மெத்தென்று நசிந்தன, பூஞ்சணமும் பிடித்திருந்தது. பெரியவரின் நெல்லில் முளைக்காதவை கல்லுப்போல இறுகியிருந்தன.

பெரியவரை அழைத்து வந்தோம். பார்த்துச் சிரித்தார். "அது சாகேல்லை, பிள்ளையள். நித்திரை கொள்ளுது. இப்பதானே அறுத்தது. மூண்டு கிழமை போகட்டும், திரும்பப் போட்டுப் பாருங்கோ."

புதிதாக அறுத்த நெல்லுக்கு உறங்குகாலம் உண்டு. இனத்தைப் பொறுத்து அது சில நாட்களாகவோ சில கிழமைகளாகவோ இருக்கும். கதிரில் இருக்கும்போதே மழை பட்டு முளைத்துவிடாமல் பயிரை அது காக்கிறது. நன்றாக வெயிலில் உலர்த்தினால் அவ்வுறக்கம் விரைவாகக் கலையும். பெரியவர் இதனை எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர். ஆயினும் அவர் சொன்னதற்காக மாத்திரம் பிள்ளைகளை எழுத விடவில்லை. "தாத்தா நினைப்பது" என்று எழுதச் சொன்னோம். வலப்புறத்தை மூன்று கிழமைக்குக் காலியாக விட்டோம்.

பொடியனின் தகப்பனிடம் 58 என்று போய்ச் சொல்வது வேறு விடயமாயிற்று. "பள்ளிக்கூடத்து விளையாட்டுக்கு விதைநெல்லோ கிடைச்சது?" என்று கோபித்துக்கொண்டார். அவரிற் பிழையில்லை. மிஞ்சி வந்த ஒரே சொத்தைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? நாமும் முன்கூட்டியே அவரை வகுப்புக்கு அழைத்திருக்க வேண்டும். நெல்லை வாங்கிய நாம் அவரது சம்மதத்தை மகன் மூலமே கேட்டிருந்தோம். திட்டத்தில் இதுவும் ஒரு ஓட்டை.

இரண்டு நாள் கழித்து அவராகவே வந்தார். இன்னொரு நூறைத் தன் கையால் எண்ணி வைத்தார்.

அவரும் பெரியவரின் நெல்லும் காத்திருந்த அந்த இடைவெளியில், இப்பாடத்தைத் தமது இடத்தில் நடத்த விரும்புவோருக்குச் சில விடயங்களைச் சொல்லிவிடுகிறோம்.

விதை முளைக்க நீர், வளி, ஏற்ற வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று பாடநூல் கூறும். அதனைச் செய்து காட்ட நெல்லை எடுக்க வேண்டாம். நெல் ஒரு தனிப்பிறவி. வளி கிட்டாத தண்ணீரின் அடியிலும் அது முளையை நீட்டும். ஆனால் வேர் விடாது. "தண்ணிக்குள்ளையும் முளைக்குதே" என்று பிள்ளை கேட்டால் ஆசிரியர் திணறுவார். முளை கட்டிய நெல்லை வீசுமுன் வயலில் தண்ணீரை ஏன் வடிக்கிறோம் என்பதற்கும் இதுவே விளக்கம். ஆகவே வளியின் தேவையைக் காட்டப் பயறை எடுங்கள். ஈரத்துணியிற் கிடக்கும் பயறு இரண்டு மூன்று நாளில் முளைவிடும். கொதிக்க வைத்து ஆறிய நீரில் அமிழ்த்தி, மேலே எண்ணெய் படர விட்ட பயறு முளைக்காமற் கிடக்கும். நீரைக் கொதிக்க வைப்பது அதிற் கரைந்துள்ள வளியை வெளியேற்றவே. இருட்டில் ஒன்றையும் வெளிச்சத்தில் ஒன்றையும் வைத்தால் இரண்டும் முளைக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்றே பல பிள்ளைகள் முன்னர் எழுதுவர்.

ஒரு முறையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீரையும் இடத்தையும் விதையையும் ஒன்றாக மாற்றிவிட்டு, வந்த முடிவுக்குக் காரணம் தேடினால் கிடைக்காது. எமது இரண்டு சாக்குகளிலும் போகம், வயது, களஞ்சியம் எல்லாமே வேறு. "ஈரத்தாற்றான் 58" என்று அன்று எம்மால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அப்படித்தான் இருக்கும் என்றே சொன்னோம்.

வயது கூடிய பிள்ளைகளை முன்னே இருத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் கையில் வேலை கொடுங்கள். உப்புத் தண்ணீரை வயலிலோ வீட்டுத் தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம். முட்டையைத் திருப்பிக் கொடுக்க மறவாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முளைதிறன் 85 வீதமும் அதற்கு மேலும் உள்ள நெல்லையே நல்ல விதைநெல் என்று கொள்வது வழக்கம். அதிலும் மிகக் குறைந்தால், முடிந்தவரை வேறு விதை தேடுவதே நல்லது. கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். சாக்கை வெறும் நிலத்தில் வைக்காமல் தடிகளின் மேல் உயர்த்தி, சுவரிலும் தறப்பாளிலும் முட்டாமல் வையுங்கள். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் விதையின் உயிர் வேகமாகப் போய்விடும்.

மூன்று கிழமைக்குப் பின்னர்

தகப்பன் எண்ணி வைத்த நூறில் முளைத்தது 55. அவர் ஒன்றும் பேசவில்லை. ஏக்கருக்கு இரண்டு புசல் என்பது நல்ல விதைக்கான கணக்கு. பொடியன் மணலில் விரலால் எழுதிப் பார்த்தான். 58 என்றே வைத்துக்கொண்டாலும் அவர்களிடமிருந்த இரண்டு புசலும் முக்கால் ஏக்கருக்கே காணாது. முழு ஏக்கருக்கும் விசிறியிருந்தால் பயிர் ஐதாகி, இடைவெளியைப் புல் பிடித்திருக்கும். மிச்ச நிலத்துக்கு அறுவடையிற் திருப்பித் தருவதாகப் பேசிப் பெரியவரிடம் விதை கேட்பதா என்று தகப்பன் யோசித்தார். ஆனால் அந்த நெல் 41 ஆயிற்றே! பெரியவரின் சொல்லை நம்பலாமா என்பது இப்போது அக்குடும்பத்தின் கேள்வியாகிவிட்டது. மழையும் கிட்டி வந்தது.

பெரியவரின் நெல்லில் மறுபடியும் நூறு எண்ணி வைத்தோம். அதனைப் பார்க்கும் பொறுப்பைப் பின்வரிசைச் சிறுமி கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டதும் வந்து தண்ணீர் தெளித்தாள். ஆறாம் நாள் அவளது குடும்பம் வவுனியாவுக்குப் புறப்பட்டது. வெள்ளாப்பில் அவள் கொட்டகைக்கு வந்து போயிருக்கிறாள், நாம் காணவில்லை. பொதுக் கொப்பியில் அவளது எழுத்து இருந்தது: "6 ஆம் நாள், 84. 7 ஆம் நாளை ஆராவது எழுதவும்."

அதன் கீழே, பெரிய, கோணல் எழுத்தில், முதல் நாள் ஒன்றும் எழுதாதிருந்த பொடியன் எழுதியிருந்தான்: "7 ஆம் நாள், 89."